ரேடியேற்றர் திறப்புக்காக விம்பிள்டன் போய் வந்தது

குட்டிராசா, உங்கள் திறப்பைக் கொண்டு வந்துவிட்டேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு: குட்டிராசா என்றால் என் அவர். புரட்டாசியில் காலமாகிவிட்டார். வீட்டுக்குள் மட்டும் கூப்பிட்ட பேர். இனி ஒளித்து என்ன.

எட்மண்டன் வீட்டில் முன்னறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு மேலே தட்டு வைத்துத்தான் மோர்மிளகாய் காயவைப்பேன். லண்டன் வெயிலை நம்ப முடியாதே. இந்த முறை மிளகாய் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் ரேடியேற்றர் கீழே சுடுகிறது, மேலே சில்லென்று கிடக்கிறது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஒவ்வொரு குளிருக்கும் அவர்தான் சாவி மாதிரிச் சின்னத் திறப்பு ஒன்றால் அதை வெளியே விடுவார். ஒழுகும் தண்ணீருக்கு நான் துவாய் பிடித்ததோடு சரி.

குரோய்டனில் இருக்கும் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"உது கூடத் தெரியாமல் தனிய எப்பிடியம்மா இருக்கப் போறியள்? வீட்டை வித்துப்போட்டு எங்களோட வாங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை வந்து பார் பிள்ளை. வீடு குளிர்ந்து கிடந்தால் உன்னோட வாறன்."

சொல்லிவிட்டுத் தேடினால் திறப்பு இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. அதை அவர் குளிர் ஜக்கெற் பையில் வைத்திருப்பார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அவருடைய உடுப்புகளைக் கொடுத்தபோது, பையைத் தடவிப் பார்க்காமல் அந்த ஜக்கெற்றை விம்பிள்டனில் இருக்கும் அவருடைய கூட்டாளி நாதன் அண்ணைக்குக் கொடுத்திருந்தேன். கடையில் இரண்டு பவுணுக்குப் புதுசு கிடைக்கும். எனக்கு அவர் பிடித்த திறப்புத்தான் வேண்டும்.

அண்ணையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் பண்ணிவிட்டு, வியாழக்கிழமை வெளிக்கிட்டேன். வயதானவர்களுக்கான இலவச பாஸ் உள்ளவர்கள் காலை ஒன்பதுக்குப் பிறகு போங்கள். எட்மண்டன் கிரீனில் ரயில் ஏறி செவன் சிஸ்டர்ஸ், அங்கிருந்து விக்டோரியா லைனில் வாக்ஸ்ஹால், பிறகு விம்பிள்டன் ரயில். ஒன்றேகால் மணித்தியாலம் வரும்.

விம்பிள்டன் ஸ்டேஷன் வாசலில் அவருடைய ஜக்கெற் நின்றது. உள்ளே நாதன் அண்ணை. நான் ஜக்கெற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணைக்கு விளங்கிவிட்டது, ஜக்கெற்றின் சிப்பைத் திறக்கத் தொடங்கினார்.

"கழட்டித் தரட்டோ தங்கச்சி?"

"வேண்டாம் அண்ணை, குளிர் பிடிச்சிடும். திறப்பை மட்டும் தாங்கோ."

"இதுவோ! மணிக்கூட்டுத் திறப்பு எண்டெல்லோ நினைச்சன். வீட்டில மணிக்கூடெல்லாம் தேடிப் பார்த்தனான்."

அவர் காலமான பிறகு அன்றுதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து செய்த முறை இது. ஹீற்றிங்கை நிற்பாட்டி, ரேடியேற்றர் ஆறும்வரை பொறுங்கள். கீழ்த்தட்டு அறையில் தொடங்குங்கள். பக்கத்தில் மேல் மூலையில் சதுரத் திருகாணி இருக்கும். கீழே சட்டி, கையில் துவாய். இடப்பக்கமாகக் கால்வாசி மட்டும் திருப்புங்கள். முழுக்கத் திருகினால் ஆணி கழன்று கையோடு வரும். 'உஸ்' என்று காற்றுப் போய்க் கறுத்த தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள்.

எல்லாம் செய்து முடித்தால், ரேடியேற்றர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பொயிலர் பற்றவில்லை. காற்றோடு தண்ணீரும் போனதில், அழுத்தம் காட்டும் முள் ஒன்றாம் இலக்கத்துக்குக் கீழே கிடந்தது. இனிச் சூட்கேஸ்தான் என்று நினைத்து, பொயிலருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அடியில் எத்தனையோ குழாய்கள். ஒன்றில் மட்டும் கோயில் நூல். கையில் கட்டிய நூலைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. அதை அடையாளமாகப் பொயிலருக்குள் தண்ணீர் விடும் குழாயில் கட்டியிருந்தார். மெல்லத் திறந்து, முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வந்ததும் பூட்டினேன். பொயிலர் பற்றியது. உங்கள் வீட்டுக் குழாய்க்கும் இன்றே ஓர் அடையாளம் கட்டி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கோட்டைக் கழற்றினாள். ரேடியேற்றரின் மேலே கை வைத்தாள், உடனே எடுத்தாள்.

"ஆரம்மா வந்து செய்தது?"

"நான்தான். சோறு போடட்டோ?"

புது மோர்மிளகாய் நல்லாய்க் காய்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். படுக்கையறையில் உங்கள் பக்கத்து ரேடியேற்றர். புழுங்குது என்று நீங்கள் எப்போதும் பூட்டியே வைத்தது. இப்போது அந்தப் பக்கம் எனக்குக் குளிர்கிறது. திறந்துவிடட்டோ, குட்டிராசா?