ஜைனம்பு அக்காவின் கூடக்குறைய

டோம்பிவிலி லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது போனில் சாவுச் செய்தி வந்தது. "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டா" என்றார் ஜைனம்பு அக்காவின் தம்பி காதர். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார்.

மும்பை செம்பூரிலுள்ள எங்கள் கருத்துக்கணிப்பு அலுவலகத்தின் புள்ளியியல் நிபுணர் அக்கா. அறிக்கை எழுதுவது என் வேலை. அதில் நான் ஆசையாகப் போடும் 'சரிவு', 'எழுச்சி' எல்லாவற்றையும் அடிப்பது அவருடைய வேலை.

நான் சேர்ந்த புதிதில், பாதிப் பேர் ஆதரவு என்று வந்தால் பாதி என்றே எழுதினால் என்ன என்று கேட்டேன். "எல்லாரையுமா கேட்டோம்? கொஞ்சப் பேரத்தான கேட்டோம். அப்பம் கூடக்கொறைய இருக்கும்லா. எவ்வளவு கூட, எவ்வளவு கொறையன்னு சொல்லத்தான் நமக்குச் சம்பளம்" என்றார்.

அந்தக் கூடக்குறையவுக்குப் பாடநூல் வைத்த பெயர் 'நம்பிக்கை இடைவெளி'. அந்தப் பெயரே ஒருமுறை வினையாகிவிட்டது. தாராவியில் ஓர் அறக்கட்டளை பெண்களுக்காக மாலை நேரக் கிளினிக் நடத்துகிறது. டாக்டர் சுபா ஒருவர்தான் அங்கே எல்லாம். கிளினிக்கின் மேல் மக்களுக்கு நம்பிக்கை உண்டா என்று ஆண்டுதோறும் கேட்டுச் சொல்வது நாங்கள். ஓராண்டு சற்றுக் குறைவாக வந்தது. அறிக்கையில் 'நம்பிக்கை இடைவெளி' என்பதைப் பார்த்த நிர்வாகக் குழுவினர், மக்களுக்கும் டாக்டருக்கும் பிளவு என்று படித்துவிட்டார்கள். கிளினிக்கை மூடுவதாகப் பேச்சு.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டுங்காவில் நடந்த அவர்கள் கூட்டத்துக்கே போய்விட்டார். "இது சண்டை இல்ல சார், கணக்கு" என்று ஆரம்பித்தார். ஒரு பெரியவர், கூடக்குறையவைக் கோடாக வரைந்திருந்த அறிக்கைப் படத்தைக் காட்டி, "ரெண்டு வருஷத்துக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கறதே. அப்போ வித்தியாசமே இல்லேன்னுதானே அர்த்தம்?" என்றார்.

நான் தலையாட்டப் போனேன். அக்கா விடவில்லை. "அப்படியும் சொல்லக்கூடாது. கோடு ஏறி நின்னாலும் சில நேரம் வித்தியாசம் நெசமா இருக்கும். அதனால வித்தியாசத்துக்கே தனியா கூடக்கொறைய போட்டுப் பாத்தேன். அதுக்குள்ள ஜீரோவும் இருக்கு. எறங்கியிருக்கலாம், எறங்காமலும் இருக்கலாம். இத வச்சு ஒரு டாக்டர வீட்டுக்கு அனுப்பாதீங்க."

கிளினிக் பிழைத்தது. மறு ஆண்டு மக்களின் நம்பிக்கை கொஞ்சம் ஏறியது. நான் குதூகலமாக 'எழுச்சி' என்று எழுதினேன். அதையும் அடித்தார். "எறங்குனப்பம் கேட்ட கேள்விய ஏறும்போதும் கேக்கணும்ல. நமக்குப் புடிச்ச பக்கம்னா சும்மா விட்ருவியோ?" எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று யோசித்தால், என் பெயர் போட்ட எந்த அறிக்கைக்காகவும் நான் தலைகுனிய நேராதது அவரால்தான். அந்த நன்றியை அவர் இருக்கும்போது வாய்விட்டுச் சொன்னதில்லை.

துக்க வீட்டுக்கு டாக்டர் சுபா வந்திருந்தார். அந்த மாட்டுங்காக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். திகைத்துப் போனார். "என்கிட்ட அவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்று மாலை கிளினிக்கை மூடிவிடலாமா என்று காதரிடம் கேட்டார்.

"வேண்டாம் டாக்டர், தொறங்க. பொம்பளையாளுவ வந்து காத்துக் கெடப்பாவ" என்றார் காதர்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது தாராவிப் பக்கமாக நடந்தேன். கிளினிக் வாசலில் பெண்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் லேட்டாக வந்தார் என்று ஓர் அம்மாள் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு டாக்டர் இருக்கிறார், அக்கா. நன்றி. போய் வாருங்கள்.