ஒன்பது பேர் சந்தனம் பூசினார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பரவையில் என் அக்காவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். மைக் செட், வீடியோ, ஐந்து வகைச் சாதம்... ஏற்பாடெல்லாம் ஜோர்.

கண்ணாடி வளையல் தாம்பாளத்தோடு அக்கா பக்கத்தில் நிற்பது என் டியூட்டி. முதலில் அவளுடைய மாமியார் வந்தார். இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். பின்னாலேயே மற்ற பெண்கள். ஒன்பதாவது ஆள் நகர்ந்தபோதுதான் கவனித்தேன். பூசிய சந்தனம் அதற்குள் காய்ந்து, வெடித்து, பொடியாக மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

கையைப் பிடித்துப் பார்த்தேன். தோசைக்கல்.

மூன்று நாளாகக் காய்ச்சலாம். "வெளிய சொல்லிராதடி. தேதியத் தள்ளி வச்சா அபசகுனம்னு என்னையத்தேன் பேசுவாக" என்றாள் காதோரம்.

சொல்லாமல் இருக்க நான் என்ன அவ்வளவு நல்ல பெண்ணா? நேராக மாமியாரிடம் போனேன்.

"மாசமா இருக்கவளுக்கு ஒடம்பு சுடத்தேன் செய்யும். கண்ணு பட்டிருக்கும், சாயங்காலம் சுத்திப் போட்டாச் சரியாப் போகும். மாத்திர கீத்திரன்னு ஆரம்பிச்சிராத, புள்ளைக்கு ஆகாது."

சரி, மாத்திரை பிள்ளைக்கு ஆகாது. காய்ச்சல் மட்டும் ஆகுமாக்கும்?

நல்லவேளை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் — எனக்கு மாமா — அதற்குமேல் யார் பேச்சையும் கேட்கவில்லை. பந்தி பாதியில் இருக்கும்போதே ஆட்டோவைக் கூப்பிட்டார். மாமியாரும் ஏறிக்கொண்டார். சிம்மக்கல் பக்கம் ஒரு லேடி டாக்டர். முதலில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி படபடவென்று இருந்தது. அக்கா அழுதுவிட்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் என்றால் அம்மாவின் உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறது. சண்டை தேவைதான். ஆனால் அது முற்றினால் அதில் சுரக்கிற சில சமாச்சாரங்கள் பிள்ளை வரைக்கும் எட்டலாம். அங்கே மூளை வளர்ந்துகொண்டிருக்கிற நேரம். எவ்வளவு பாதிக்கும், யாரைப் பாதிக்கும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்களாம். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா மூணு நாள் விடலாமா? முத நாளே வரணும்" என்று சொல்லி, இந்த மாசத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகளை எழுதினார். ரத்தம் டெஸ்ட்டுக்குப் போனது.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

"நாளைக்குப் புள்ளைக்கு மூளையில ஏதாச்சும்னா, இவ காய்ச்சல மறச்சதுதேன் காரணம். டாக்டரே சொல்லிப்புட்டாக."

எந்த டாக்டர் சொன்னது? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இத்தனை காலமும் பிள்ளை பேச லேட்டானால் அம்மா கிரகணத்தன்று வெளியே போனவள், சொன்ன பேச்சுக் கேட்காதவள். இப்போது விஞ்ஞானம் வந்து, 'கர்ப்பிணியைக் கவனியுங்கள்' என்கிறது. நம் ஆட்கள் காதில் அது எப்படி விழுகிறது? 'அவளைத் திட்ட இன்னொரு பாயிண்ட் கிடைச்சிருச்சு.' அவள் ஏன் மறைத்தாள் என்று ஒரு ஆளாவது கேட்டதா?

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் முடியவில்லை.

"அத்தை, மொத சந்தனம் பூசுனது நீங்கதானே?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"கை சுடலையா?"



இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். அடுத்து வளைகாப்பு வைக்கப்போகிறவர்களே... தாம்பாளத்தில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வையுங்கள். கைகளை நம்புவதற்கில்லை.