கொட்டகையில் கட்டிய மாமன் மாடு

அப்பா செத்துப் பதினெட்டாம் நாள் பாரிவாக்கம் தலையாரி வேலை எனக்கு வந்தது. அவர் பிடித்த தடி, அவர் தோளில் போட்ட பட்டை. பட்டையில் அவருடைய வேர்வை வாசம் இன்னும் இருந்தது. முதல் வாரமே ரெவின்யூ இன்ஸ்பெக்டரை எங்கள் வீட்டுக்கே விசாரணைக்குக் கூட்டிப் போகவேண்டியதாயிற்று.

என் தங்கச்சி கன்னியம்மா வாத்தியார் பயிற்சிக்கு உபகாரச் சம்பளம் கேட்டு மனுப் போட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. எங்கள் பக்கத்தில் நிலமும் ஏர்மாடும் பார்ப்பார்கள். நிலம் மட்டும் கொஞ்சம் இருந்தால் மனுவைத் தள்ளமாட்டார்கள். உழ மாடும் இருந்தால், வசதியுள்ள குடும்பம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு ஏரிக்குக் கீழே அரைக்காணி. மாட்டை அப்பாவின் வைத்தியத்துக்கு விற்றாகிவிட்டது.

வீட்டை நெருங்கியதும் பார்த்தேன். கொட்டகையில் இரண்டு எருதுகள் நின்றன. எதிர்வீட்டு மாமனுடைய மாடுகள். பெண் பார்க்க வரும்போது இரவல் மாடு கட்டுவதுபோல, அதிகாரி வருகிறார் என்று அம்மா ஓட்டிவந்து கட்டியிருந்தாள்.

“மாடு யார்துமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். “எங்கள்துதான் சாமி. ஆம்பள பூட்டாருன்னு ஊடு ஒண்ணும் கவுந்துடல.”

அவர் எழுத ஆரம்பித்தார். கன்னியம்மா என்னையே பார்த்தாள். பொய் என்று சொன்னால் அம்மா மானம் போகும், என் வேலையும் போகும். போய் மாடுகளின் கயிற்றை அவிழ்த்தேன்.

“இன்னாடா பண்ற?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தண்ணி காட்றேன் சாமி.”

மாடுகள் தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைத் தாண்டி நேரே மாமன் கொட்டகைக்குள் போய் நின்றன.

“ஒன் மாடு எதுத்தூட்லதான் தண்ணி குடிக்குமா?”

உள்ளதைச் சொன்னேன். “அது மாமன்து சாமி. எங்கள்த நைனா மருந்துக்கு வித்துட்டோம். கொட்டா காலியா கீதேன்னு அம்மா வெக்கப்பட்டுகினு...”

“தலையாரி ஊட்லயே பொய்யின்னா நான் எவன் பேச்ச நம்பறது?” என்றபடி எழுதியதை அடித்தார். ஏர்மாடு இல்லை என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பெயரே கோணலாகத்தான் வந்தது.

கன்னியம்மாவுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விசாரணைக்கு முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய், இருக்கிறதை இருக்கிறபடி விடச் சொல்லுங்கள். அப்பா அப்படித்தான் செய்வார். என் வீடுதானே என்று நான் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதிகாரியோடு ஒரு வாசலுக்குப் போனால் முதலில் கொட்டகையைத்தான் பார்க்கிறேன். மாடு நின்றால் பயமாக இருக்கிறது.