முனியாண்டி பாஸ்வேர்ட்

போன மாதம் மூன்று வாரம் மழையே இல்லை. எங்கள் மலையில் இது அதிசயம்.

ஆனால் பக்கத்து வீட்டு பாக்கியத்தின் மகள் லெட்சுமி தினமும் குடை பிடித்தாள். அதுவும் எப்படி? வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து நடக்கும்போது குடை மடங்கித்தான் இருக்கும். தேயிலைத் தோட்டத்து கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது விரியும். தாண்டியதும் மடங்கிவிடும். பள்ளிக்கூடம் போகிற மகளையும் குடைக்குள் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொள்வாள்.

புது ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்பதற்கே கூச்சப்படுகிற ஆள் நான் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்தானே?

லெட்சுமி மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் குணாவின் அடி தாங்காமல், போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, இந்த வருஷம்தான் மகளோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிற வேலை.

சரி, அந்த கேட்டில் அப்படி என்ன இருக்கிறது? முனியாண்டி சாமி இருக்கிறார். அவர் தலைக்கு மேலே, கம்பத்தில், கேமரா.

இப்போது எங்கே பார்த்தாலும் ஸ்மார்ட். டவுனில் கார் நிறுத்தப் போன், சந்தையில் சோளம் வாங்கப் போன். எங்கள் லைனில் இரண்டு மோட்டார் சைக்கிள் களவு போனதும் நாங்களும் ஸ்மார்ட் ஆனோம். கேட்டில் நடப்பதை இருபத்தாறு வீட்டுக்காரர்களும் அவரவர் போனில் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

என்ன வைக்கலாம் என்று கோயிலில் கூட்டம் போட்டார்கள். கமிட்டித் தலைவர் தன் பேத்தி பெயரைச் சொன்னார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான், இத்தனை வயதில் முதல்முறையாக, ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்தேன்.

"கேட்ட காக்கிறவரு பேரையே வச்சுரலாமே..."

கைதட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே நடமாடினேன்.

போன வாரம் கேட்டருகே லெட்சுமி எதிரே வந்தாள். குடை விரிந்திருந்தது. அன்று கேட்டுவிட்டேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, எதற்கடி இது?

போனை நீட்டினாள். குணா அனுப்பிய செய்தி. 'பாப்பாவுக்குச் செவப்பு ஸ்வெட்டர் நல்லா இருக்கு.'

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்வெட்டர். திங்கட்கிழமை காலையில்தான் பிள்ளை முதல்முதலாகப் போட்டாள். செய்தி வந்ததும் அதே காலை.

"அவரு நம்ம கேட்டப் பாத்துக்கிட்டே இருக்காரு பெரியம்மா. நான் போறது, வர்றது, எந்தப் பஸ்சு, எல்லாம் தெரியுது."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"எல்லாரும் ஆசையா வச்ச கேமரா. எனக்காகக் கழட்டச் சொல்ல முடியுமா?"

குணாவுக்கு எப்படித் தெரிந்தது? திருவிழாவுக்காக அவனை எப்போதோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். கேமராவுக்கான லிங்க் அதில்தான் வந்தது. பாஸ்வேர்டைத் தலைவர் எழுதவில்லை, 'கேட்டைக் காக்கிறவர் பெயர்' என்று மட்டும் போட்டிருந்தார், அதில் கெட்டிக்காரர். ஆனால் குணா இந்தத் தோட்டத்து மாப்பிள்ளை ஆயிற்றே... வருஷா வருஷம் முனியாண்டிக்குச் சேவல் தூக்கி வந்தவன். கேட்டைக் காப்பது யார் என்று அவனுக்கா தெரியாது?

அன்று எனக்குக் கிடைத்த கைதட்டல் என்னையே அறைந்த மாதிரி இருந்தது.

நேரே தலைவரிடம் போனேன். லெட்சுமியும் பாக்கியமும் கூட வந்தார்கள். விஷயம் கேட்டு அவர் முகம் சுருங்கிப்போயிற்று. உடனே மாற்றிவிடலாம், கோயில் ஸ்பீக்கரில் சொல்லிக் கூட்டத்தைக் கூட்டுகிறேன் என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, மாரியம்மன் பெயரை வைக்கலாமே என்றார். முனியாண்டியை எடுத்துவிட்டு அம்மனை வைத்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று தலைவருக்குக் கவலை.

இரண்டாம்முறையாக வாய் திறந்தேன். "ஸ்பீக்கர்லயே பாஸ்வேர்டு சொல்வீங்களா? கேமரா மாட்டுனவங்கள மொதல்ல கேளுங்க."

போன் போட்டுக் கேட்டார். வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமாம். ஆரம்பத்திலிருந்தே அந்த வசதி உண்டாம். நாங்கள்தான் கேட்கவில்லை.

அடுத்து, குரூப்பிலிருந்து குணாவை நீக்க வேண்டும். தலைவரின் விரல் போன்மேல் அப்படியே நின்றது.

"மாப்பிள்ளைய எப்படி வெளிய தள்றது? நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும்லா."

பாருங்கள், அந்தப் பிள்ளை மூன்று வாரமாகக் குடைக்குள் ஒளிந்து நடக்கிறாள். எங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை போய்விடுமே என்று யோசனை. குற்றம் சொல்லவில்லை. நானும் அந்த இடத்தில் சும்மாதான் நின்றேன்.

பாக்கியம் கையை நீட்டினாள். தேயிலைக் கறை படிந்த கை. எழுதப் படிக்கத் தெரியாதவள்.

"எந்த பட்டனு? காட்டுங்க."

காட்டினார். அழுத்தினாள். பிறகு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கேமரா வைத்தபோது, வருகிற திருடனைப் பார்க்கலாம் என்று மட்டும் பேசினோம். அதே கண்ணால் நம்மை யார் யார் பார்க்கலாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் லைனில் இருப்பது ஒரு கேமரா. டவுனில் எத்தனை கம்பங்களில் எத்தனை! அவற்றின் சாவி யார் கையில்? ஆறாம் வகுப்பு வரை படித்த எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்காவது தெரிந்திருந்தால் நல்லது.

தலைவர் வீடு வீடாகப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, அவரவரையே பாஸ்வேர்ட் அடிக்கச் சொன்னார். அவர் தலை மறைந்ததும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு குரல், "அக்கா, நீங்க என்ன வச்சீங்க?" அந்தப் பக்கமிருந்து பதிலும் வந்தது. அவர்களை மறுபடி அடிக்க வைத்தோம்.

நேற்று கொட்டு கொட்டென்று கொட்டிய மழையில், லெட்சுமியும் மகளும் குடை இல்லாமல் கேட்டைத் தாண்டி வந்தார்கள்.