ரிலீவர் வரும்வரை மண்வெட்டி கீழே இறங்காது

முந்தாநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓட, நான் தையல் கடையைச் சாத்திவிட்டு வாய்க்காலுக்கு ஓடினேன். தண்ணீர் போகுமா... போகாதா?

நான் கவலைப்படவே பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆளை வாய்க்கால் வெட்டும் வேலைக்கு 'ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினால் தூக்கம் வருமா?

விஷயம் இதுதான். எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கிலிருந்து பக்கத்து ஊர் ஏரிக்கு ஒரு மழைநீர் வாய்க்கால் போகிறது. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் குப்பை; அந்தப் பக்கம் சீமைக்கருவேல முள். மழை வந்தால் குவார்ட்டர்ஸ் வாசலில் முழங்கால் தண்ணீர்... ஏரியிலோ ஆடு மேயும்! சேர்ந்து வெட்டினால் இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் சேர வேண்டுமே? சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு கான்ட்ராக்ட்டில் நிற்கும் ஊர்க்காரர்களுக்கும், பர்மனென்ட் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் நடுவே இருப்பது வாய்க்கால் மட்டுமா?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் வாருங்கள் என்றேன். சரியாக ஷிஃப்ட் மாறுகிற நேரம்! சுரங்க ஆட்களுக்கே யூனிஃபார்ம் தைக்கிறேன், இதுகூடத் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் வந்தார்கள், குவார்ட்டர்ஸில் ஒருவரையும் காணாமல் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வந்தார்கள், ஊர்க்காரர் ஒருவரையும் காணவில்லை.

மறுநாள் இரண்டு தரப்பும் என் கடையில்!

"எங்க நெலம் மட்டும் வாணும், நாங்க வாணாமாண்ணா?" என்றாள் செல்வி. நிலம் போய், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள்.

"தூங்காம வந்து நின்னோம்வே. அவங்க ஏரிக்கு நாங்க எதுக்கு வெட்டணும்?" இது சுப்பையா அண்ணன். திருநெல்வேலிக்காரர், கன்வேயர் ஆப்பரேட்டர்.

கைகலப்பு ஆகிவிடுமோ? கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வைத்தேன்.

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "சார், ரிலீவர் வராம மிசின உட்டுட்டு வருவீங்களா?"

அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நின்றால்தான் இருக்கிற ஆள் நகரலாம். அதுதான் ரிலீவர்.

"அதெப்படி வர முடியும்? பெல்ட் ஓடிக்கிட்டிருக்குமே!"

"வாய்க்காலுக்கும் அப்டியே போடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க வெட்டிக்கினு இருக்கோம். மம்புட்டிய உங்க கையிலதான் குடுப்போம். கீழ வெக்க மாட்டோம்."

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார்! விடியற்காலையிலிருந்து வெட்டிய ஊர்க்காரர் ஒருவர் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார். அண்ணனுக்கு ரிலீவர் செல்வி... அவளைக் காணோம். வெயில் ஏறுகிறது. போட்டுவிட்டுப் போய்விடுவாரோ? போகவில்லை. திட்டிக்கொண்டே வெட்டினார்.

"மாடு கறந்துட்டு வரேன் சார்!" செல்வி ஓடி வந்தாள்.

"லேட்டா வந்தா மெமோ குடுப்பேன்."

"குடுங்க சார். மொதல்ல பர்மனென்ட் பண்ணிட்டுக் குடுங்க!"

வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் மட்டும் சட்டென்று சிரிக்கவில்லை. மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வாய்க்கால் ஆளில்லாமல் கிடக்கவில்லை.

முந்தாநாள் நான் போவதற்குள் செல்வியும் அண்ணனும் அங்கே நனைந்துகொண்டு நிற்கிறார்கள்! பழுப்புத் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது... ஒரு முள் கட்டையில் முட்டி நின்றது. அண்ணன் குதித்து அதைப் பிடித்து இழுக்க, தண்ணீர் ஒரே பாய்ச்சலில் ஏரிக்குள்!

"ஓடுதுவே!"

"எங்க ஏரி சார்!" என்று கத்திய செல்வி, உடனே திருத்தினாள். "நம்ம ஏரி!"

பெரிய மாற்றத்துக்கு எல்லோரும் ஒரே மனசாக வேண்டும் என்கிறார்கள். அந்த மனசு அப்புறம் வரட்டும் — நம் கையில் இருப்பதை வாங்க அடுத்த கை வரும் என்று தெரிந்தால் போதாதா?

ஏரி நிரம்பினால் கரை தாங்குமா? நேற்றிலிருந்து மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கவலைப்படுகிற டியூட்டிக்கு மட்டும் எனக்கு இன்னும் ரிலீவர் கிடைக்கவில்லை!