சுவிட்சு மேல் வைத்த பொட்டு

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஞாபகமும் முன்னைப் போல இல்லை, எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை திருநகரில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் தெருவின் முன்பக்கத்திலிருந்து வரும். முன்பெல்லாம் முதல் ஐந்து வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவதால் எங்கள் குழாய் காற்றைத்தான் ஊதும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்க் குடம் தூக்கி வருவேன். எங்கள் குழாயில் தண்ணீர் வர வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு அப்படியில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை விரித்துவிட்டால், உலக நாடுகள் எல்லாம் அவரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் மேற்கொண்டு போக வேண்டும். அணுகுண்டு விஷயத்தில் நம் நாடு ஐ.நா. சபையில் என்ன சொன்னது என்பதை, நான் கீரை ஆயும்போதெல்லாம் சொல்லுவார்.

போன வருஷம் தெருக் கூட்டம் போட்டார்கள். முதல் வீட்டுக்காரர், பெரிய ஆபீசராக இருந்தவர், எழுந்தார்.

"வச்சவங்க வச்சது இருக்கட்டும். இனிமே யாரும் புதுசா மோட்டார் வைக்கக் கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "இதே கதைதாண்ணே அங்கேயும் நடக்குது! குண்டு வச்சிருக்கிறவன் வச்சுக்கிருவானாம், இல்லாதவன் கையெழுத்துப் போடணுமாம். நம்ம நாடே போடல, நான் போடுவேனா? கழட்டுனா எல்லாரும் கழட்டணும்!"

"நான் தண்ணியப் பத்திப் பேசுறேன், நீங்க குண்டுங்கிறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். குடிக்கத் தண்ணி இல்லாதவனுக்கு என்னண்ணே மனித உரிமை? உலகமெல்லாம் சமம்னு பேசுறோம், ஒரு தெருவுக்குள்ள சமம் இல்ல!"

"அண்ணே, காலையில பிரஷர் மாத்திரை போட்டீகளா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மதினி மட்டும், "எங்க வீட்டுல சத்தியமா மோட்டார் கிடையாதுப்பா" என்று தலையில் கை வைத்தார். கையெழுத்து ஆகாமலே கூட்டம் கலைந்தது.

மறுநாள் சிம்மக்கல் கடைவீதிக்குப் போன மனுஷன் ஆட்டோவில் ஒரு மோட்டாரோடு வந்து இறங்கினார். இறங்கினதும் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டார்.

"ஏங்க, எல்லாரும் கழட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாம முதல்ல போட மாட்டோம்த்தா. ஆனா நம்மகிட்டயும் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"தெரியணும்னா எதுக்குச் சாக்கைப் போட்டு மூடுறீங்க?"

அதற்குப் பேப்பரில் பதில் வரவில்லை போலிருக்கிறது. மோட்டாரைக் குழாயில் பொருத்தி, சாக்கால் மூடி, ஒரு நாளும் போடாமல் காவல் காத்தார். நான் குடத்தோடு போய் வந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு அருவாமனை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். பொட்டு வைத்த சாமானை மறுநாள் வரை எடுத்துப் புழங்க மாட்டோம். நான் சாக்கை விலக்கி எங்கள் மோட்டாருக்கும் வைத்தேன். பார்வையாக இருக்கட்டுமே என்று சுவிட்சு மேலும் ஒன்று.

தண்ணீர் விடுகிற முறையும் அன்றைக்குத்தான். குழாய் இரண்டு தரம் இருமியது. பிறகு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது! குடம், அண்டா, கழுவி வைத்திருந்த சுண்டல் சட்டி வரைக்கும் பிடித்து வைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தெரு முழுக்க மோட்டார்! முன்வீடுகளில் மட்டுமில்லை. சத்தியம் செய்த மதினி வீட்டில் ஒன்று, செவ்வந்தி மாலை போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பூஜை என்பதால் ஒருவரும் தொடவில்லை. அதனால்தான் கடைசி வீடு வரை தண்ணீர்.

அடுத்த கூட்டத்தில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதாவது நல்ல வார்த்தை பேச வேண்டுமே என்று காதோடு சொன்னேன், "மதினி, உங்க மோட்டாருக்குப் போட்ட மாலை ரொம்ப அம்சமா இருந்துச்சு."

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் காதோடு சொல்வது எம்புட்டுத் தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரிவதில்லை.

கூட்டமே திரும்பியது. மதினி சும்மா இருப்பாரா? "அப்ப உங்க வீட்டுச் சாக்குக்குள்ள இருக்கிறது என்ன மதினி, பிள்ளையாரா?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, சிரித்து, சண்டை போட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் முதல் வீட்டுக்காரரே, "பூஜை அன்னைக்கு எல்லாரும் சும்மா இருந்தோம், எல்லாருக்கும் வந்துச்சு. அப்படியே இருந்தா என்ன?" என்றார்.

"எதை வச்சு நம்புறது?" என்றார் என்னவர்.

"சுவிட்சு மேல பொட்டு வச்சுருவோம்," என்றார் மதினி. "அழிஞ்சிருந்தா போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுபோகும். இந்த மதினியே வந்து பாக்கட்டும். பாத்ததைத்தான் ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிருவாங்களே!"

அப்படித்தான் நான் சந்தனக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போகிறவள் ஆனேன். முதல் வீட்டில் அவ்வப்போது பொட்டு அழிந்திருக்கும். கேட்டால் பல்லி என்பார். புதுப்பொட்டு வைத்துவிட்டு, தண்ணீர் நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்புவேன். எங்கள் குழாயில் சில நாள் விரல் கனம், சில நாள் நூல் கனம். ஆனால் வருகிறது.

நம் நாடு கையெழுத்துப் போடாதது எந்த ஒப்பந்தம், முதலில் குண்டு போட மாட்டோம் என்று சொன்னது எப்போது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. அவரைக் கேட்டால் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறார். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மதினி சத்தியம் செய்தது முதல் கூட்டத்திலா இரண்டாவதிலா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதை மட்டும் மதினியிடம் கேட்க வேண்டாம்.