பாதையில் மட்டும் கேட்ட சத்தம்

குறுமண்வெளியில் வாகனங்களை வாவிக்கு அக்கரை சேர்க்கும் இரும்பு மிதவையை எல்லோரும் பாதை என்போம். அதில்தான் ஒரு காத்தான்குடித் துணி வியாபாரியைக் கண்டேன். மருதாணித் தாடி. நடு வாவியில், தன் காரின் டாஷ்போட்டைக் கழற்றி, உள்ளே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கழற்றிய ஆணிகளைத் தொப்பியில் போட்டு என் கையில் தந்தார்.

"உள்ளுக்க கடகடண்டு சத்தம் தம்பி. மூணு மெக்கானிக்கிட்ட காட்டிட்டன். ஒருத்தனுக்கும் கேக்கல்ல."

எனக்குக் கேட்டது. பாதையின் இயந்திரம் அதிர, அதன் சங்கிலி ஆடும் சத்தம் அது. சொல்ல வாயெடுப்பதற்குள் கரை வந்தது, இயந்திரம் நின்றது, சங்கிலியும் அடங்கியது.

"சத்தம் நிண்டிட்டு பாத்தீங்களா!" என்றார் பெருமிதமாக.

"ஓம் காக்கா" என்றேன், அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

பின்னால் உழவு இயந்திரக்காரர் ஹோர்ன் அடிக்க, டாஷ்போட்டைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுப் பறந்தார். ஆணிகளோடு தொப்பி என் கையிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் அதே பாதையில் அதே கார். டாஷ்போட்டைச் சேலைக் கரையால் இழுத்துக் கட்டியிருந்தார். இப்போது அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் பிடிங்க தம்பி. கரையில ஒரு சத்தமும் இல்ல. இந்தக் காருக்குத் தண்ணியக் கண்டாத்தான் பயம்."

சங்கிலியைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தொப்பியைப் பிடித்தபடி நின்றேன்.